எங்கள் ஒழுங்கைக்கு வரும் ஆரோக்கியப் பெட்டி

மாதாமாதம் கொழும்பிலிருந்து எனக்கு ஓர் ஆரோக்கியச் சிற்றுண்டிப் பெட்டி வருகிறது. உடம்பில் சீனி கூடிவிட்டது என்று டாக்குத்தர் சொன்ன அன்றே இணையத்தில் பதிந்தேன். கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா என்று மூன்று மாதமாக முடிவெடுக்க முடியவில்லை.

இன்று பெட்டி விடத்தல்தீவில் எங்கள் சின்ன ஒழுங்கைக்குள் வந்து இறங்கிய பத்தாவது நிமிடம், பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா வாசல் படலையில் நின்றார். கையில் படம் ஒட்டிய குடும்ப அட்டைப் பிரதி.

"தம்பி, மூண்டு மாசமாப் பாக்கிறன், உமக்கு மட்டும் பெட்டி வருது. என்ர பேர் ஏன் லிஸ்ற்றில இல்லை?"

"அக்கா, இது நிவாரணம் இல்லை. நான் காசு கட்டி எடுக்கிறது."

"வீட்டுத்திட்டத்துக்கும் இப்பிடித்தான் எனக்குச் சொல்லாமல் எழுதி முடிச்சவங்கள். நான் இன்னும் தகரக் கொட்டிலுக்கதான் கிடக்கிறன். ஒளிக்காமச் சொல்லும், ஆரிட்டப் பதியவேணும்?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். வறுத்த கடலை ஒரு பிடி, பூசணி விதை, காய்ந்த வாழைப்பழத் துண்டுகள்.

அக்கா அடிவரை கையை விட்டுத் துழாவினார். அரிசியும் இல்லை, பருப்பும் இல்லை.

"இதுக்கோ காசு கட்டுறீர்?"

"ஓம்."

அவர் முகத்தில் கோபம் போய் இரக்கம் வந்தது.

"இடம்பெயர்ந்து இருந்த முகாமில கூட இதைவிடக் கனக்கத் தந்தவங்கள்."

ஆனாலும் பிரதியை என் மேசையில் வைத்தார். "எதுக்கும் கிடக்கட்டும். அடுத்தமுறை சீமெந்து தந்தாலும் தருவாங்கள்."

அவர் போனதும் சந்தாவை நிறுத்தப் போனேன். என்ன காரணம் என்று இணையத்தளம் கேட்கிறது. பிரதியில் இருந்து அக்காவின் படம் என்னையே பார்க்கிறது. நிறுத்திவிட்டால், எங்கள் ஒழுங்கையில் ஏதோ ஒரு லிஸ்ற்றில் பேர் உள்ள ஒரே ஆளான நானும் இல்லாமல் போய்விடுவேன்.

நீங்களே சொல்லுங்கள், என்ன காரணம் எழுத?