விளாத்திகுளத்தில் தூக்காத ஒரு கை

காலை ஒன்பதேகாலுக்குக் கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக் கிடந்தது. நான் மதுரையில் கல்லூரி ஆசிரியன். மடியில் என் பேச்சுக் குறிப்பு. சோவியத் சர்வாதிகாரிக்கு வலதுகையாக இருந்த ஒருவர் எப்படி உயர்ந்தார் என்று மிளகாய் விவசாயிகள் சங்கத்தில் பேச வேண்டும். தலைப்பு சங்கத் தலைவர் கொடுத்தது. விசுவாசம் ஒரு மனிதனை எங்கே உட்கார வைக்கும் என்று உறுப்பினர்களுக்குத் தெரியட்டுமாம்.

பத்தரைக்கு இறங்கினேன். சங்கச் செயலாளர் வேலுச்சாமி பைக்கோடு நின்றார். பதினெட்டு வருஷமாகத் தலைவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். வீட்டில் அவர் மனைவி ராஜம்மாள் கம்பங்கூழும் மோர்மிளகாயும் வைத்தார். அவரும் சங்கக் கமிட்டியில் இருக்கிறார்.

என் பெயரைச் சரிபார்க்கச் சொல்லி வேலுச்சாமி தீர்மானப் புத்தகத்தை நீட்டினார். சாயங்காலம் நடக்கப்போகும் கூட்டத்தின் தீர்மானம் அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. 'ராஜம்மாளைச் சங்கத்திலிருந்து நீக்க ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.' எழுத்து வேலுச்சாமியுடையது.

மிளகாய் காயப்போடும் பொதுக்களத்தைத் தலைவர் தன் வீட்டுப் பக்கம் மாற்றியது ஏன் என்று போன கூட்டத்தில் ராஜம்மாள் கேட்டிருக்கிறார். அதுதான் குற்றம்.

"எப்பவும் முன்கூட்டியே எழுதிருவோம் சார். ஒரு வரி மாறினதில்ல," என்றார் வேலுச்சாமி, என் முகத்தைப் பார்க்காமல். நான் அனுப்பிய குறிப்பில் அந்த சோவியத்காரரின் மனைவி பற்றி ஒரு வரி இருந்தது. அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். சரி என்றேன். நானும் பயந்தாங்கொள்ளிதான்.

நாலு மணிக்குப் பேசினேன். மணிக்கணக்கில் நாற்காலியை விட்டு எழாமல் கோப்பு பார்த்தவர், சர்வாதிகாரி நீட்டிய மரண தண்டனைப் பட்டியல்களில் கையெழுத்துப் போட்டவர், பிரதமரானவர், வெளியுறவு அமைச்சரானவர். தலைவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடிக்கும்போது ராஜம்மாள் எழுந்தார்.

"அவிய வீட்டுல யாரும் எதுத்துப் பேசலையா சார்?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் மனைவியைக் கட்சியிலிருந்து நீக்க ஓட்டெடுத்தார்கள், எல்லோரும் ஆதரித்தார்கள், அவர் மட்டும் ஓட்டுப் போடவில்லை என்றேன். அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது தீர்மானம். கைகள் எழுந்தன. வேலுச்சாமியின் கை புத்தகத்தின் மேலேயே இருந்தது. தலைவர் திரும்பிப் பார்த்தார். வேலுச்சாமி பேனாவை எடுத்து 'ஏகமனதாக' என்பதை மட்டும் அடித்தார். ராஜம்மாள் நீக்கப்பட்டார், ஆனால் ஒரு கை குறைவாக.

ஆறு மணி பஸ்ஸுக்கு வேலுச்சாமி கொண்டுவந்து விட்டார். அவர் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தலைவர்தான். எடுக்கவில்லை.

"அந்த ஆளு பொறவு என்ன செஞ்சாரு சார்?"

சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். ஓட்டுப் போடாதது தப்பு என்று மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

"பொண்டாட்டிய விட்டுட்டாவளா?"

"இல்லை. கைது செய்தார்கள்."

போனை வெளியே எடுத்தார். "அப்ப கடிதாசி எழுதியும் பிரயோசனமில்ல," என்று அதை அணைத்துவிட்டு, "அவ தனியா இருப்பா, வாரேன்" என்று பைக்கைத் திருப்பினார்.

பஸ்ஸில் எனக்குத்தான் நிம்மதி இல்லை. மதுரையில் எங்கள் கல்லூரிக் கூட்டங்களில் முதல்வர் வாயைத் திறக்குமுன் கை தூக்குகிறவன் நான். திங்கட்கிழமை கூட்டம் இருக்கிறது.