ஃப்ளோரன்ஸ் துடைக்காத சாம்பல்

எங்கள் குடோனில் அண்டார்டிகா இருக்கிறது என்று சொன்னால் கல்மண்டபம் ஏரியாவில் ஒருத்தனும் நம்ப மாட்டான். இறால் வைக்கிற குளிர் அறைகளுக்கு நடுவே ஒன்றை ஓர் ஆராய்ச்சி நிலையம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. தென் துருவத்துக் கடலடியில் நீளக் குழாயை இறக்கி எடுத்த சேறு, கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கி, அந்தக் குழாய்களோடு இங்கேதான் அடுக்கிக் கிடக்கிறது. குளிர் இயந்திரம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் நான். பெயர் உபைதுல்லா. ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை, ஃப்ளோரன்ஸ் அக்கா கதை.

அக்காவுக்கு ராயபுரம். புருஷன் ஸ்டானிஸ்லாஸ் ரயில்வேயில் இருக்கிறார். கல்யாண கவுன்களுக்குப் பாசிமணி தைத்துக்கொண்டிருந்த பெண் அவர். அந்தக் கையைப் பார்த்துத்தான் இங்கே எடுத்தார்கள். சேற்றைச் சல்லடையில் கழுவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, நனைத்த பிரஷ் நுனியால் மணலைவிடச் சின்னதான ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். என்றைக்கோ கடலடியில் வாழ்ந்து செத்த பூச்சிகளின் ஓடுகள் அவை.

இதையெல்லாம் பொறுக்கி என்ன ஆகப்போகிறது என்று தெருவில் கேட்டால் அக்கா வைத்திருக்கிற பதில் இதுதான்: "ஐஸு கடல் தரையில குந்திகினு கீற வரைக்கும் அங்க ஒரு பூச்சியும் வாய முடியாது. ஐஸு காலி பண்ணிகினு போச்சுன்னா தண்ணி உள்ள வரும், பூச்சி குடி வரும். மொத மொத குடி வந்தவன் எப்போ செத்தான்னு பாத்தா, பழைய ஆளு வூட்ட எப்போ காலி பண்ணான்னு தெரிஞ்சிடும்." வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிற எங்கள் ஆட்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

எப்போது செத்தான் என்பதை வேறு ஊரில் இருக்கிற ஒரு இயந்திரம் சொல்லும். உயிரோடு இருக்கிற எதிலும் ஒரு வகைக் கார்பன் இருக்கிறதாம். செத்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். இதில் புதுக் கார்பன் ஒரு சிட்டிகை கலந்தாலும் போச்சு, கிழவனைக் குமரன் என்று சொல்லிவிடும். அதனால்தான் அந்த அறைக்குள் தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம்.

இந்த வருஷம் சாம்பல் புதன் அன்று காலையில் அக்கா பூசைக்குப் போய்விட்டு நேராக வேலைக்கு வந்தார். நெற்றியில் சாம்பலால் போட்ட சிலுவை. போன வருஷத்துக் குருத்தோலையை எரித்து எடுக்கிற சாம்பல் அது. கூட வேலை செய்கிற ஆராய்ச்சி மாணவி ராமசெல்வி பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அக்கா, அதைத் துடைச்சிட்டு வந்துடுங்களேன். பக்தவச்சலம் சார் வேற வந்திருக்கார்."

"இன்னாத்துக்கு? நீ குங்குமம் வெச்சிகினு குந்தறியே, தொடைன்னு நான் சொன்னேனா? சாரு ஒரு செவப்பு கோடு இட்டுகினு வர்றாரு, அது மட்டும் காத்துல பறக்காதா?"

சொல்லிவிட்டுத் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்து மாட்டினார். சிலுவை தொப்பிக்கு உள்ளே போய்விட்டது. சாயங்காலம் வரை அதைக் கழற்றவில்லை. நான் குளிர் அறைக்கும் வெளிக்கும் போய் வந்துகொண்டிருந்தவன், என் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்குப் பொறுக்கிய ஓடுகளின் வயது தெரிய வந்தபோது குருத்தோலை ஞாயிறு நெருங்கிவிட்டது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் வருஷம். எங்கள் தலைவர் டாக்டர் பக்தவச்சலம் சேறு எடுத்த விரிகுடாவைவிட்டுப் பனி விலகிப் பதினோராயிரம் வருஷம் ஆயிற்று என்று ரொம்ப நாளாகச் சொல்லியும் எழுதியும் வந்தவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் சேற்றை யோசிக்கவில்லை, தன் கணக்கையும் யோசிக்கவில்லை. கூடத்துக்கு நடுவில் நின்று, அத்தனை பேரும் கேட்க, அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"நெத்தியில சாம்பல். வர்ற தெருவெல்லாம் சாம்பல். இந்த ஏரியா ஆளுங்களை வெச்சு சுத்தமான வேலை பண்ண நினைச்சது என் தப்பு. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன், அதுவே எனக்கு நல்லதாகப் போயிற்று. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சார், எண்ணூர் பக்கம் சாம்பல் கொட்டுது, இல்லேன்னு சொல்லல. அந்தக் கரிய எரிக்கிறது எங்களுக்கு மட்டுமா? உங்க வூட்டு ஏசி எதுல ஓடுது? சாம்பல் எங்களுக்கு, கரண்ட் உங்களுக்கு. அப்பால நாங்க கலீஜா?"

அக்கா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"நெத்தி சாம்பல் தொப்பிக்குள்ள இருந்துச்சு. அதுல ஒரு துளி வியுந்திருந்தா நானே போயிடறேன். மறுபடி பொறுக்க சொல்லுங்க. நான் தொட மாட்டேன், வேற ஆளு தொடட்டும். அதே வயசு வரலேன்னா, எம் பேர இந்த வாசல்ல சொல்லாதீங்க."

"அந்த ஓடு இருந்த அடுக்குல ஒரு விரல் அகலம்தான் சேறு மிச்சம். திரும்பக் கப்பல் போய் எடுக்கிற விஷயமா இது? வீணாக்க முடியாது."

"அப்போ எம் பேரு மட்டும் சல்லிசா கெடைச்சுதா உங்களுக்கு?"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ராமசெல்வி அப்போதுதான் வாயைத் திறந்தாள். பாதிச் சேற்றை எடுத்தால் போதும், நானே பொறுக்கித் தருகிறேன் என்றாள். பக்தவச்சலம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். முடிவு வரும்வரை ஃப்ளோரன்ஸ் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது, பின்பக்கம் சல்லடை கழுவலாம் என்றார்.

அக்கா அப்படியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஃப்ளோரன்ஸ் அக்காவை அவருக்குத் தெரியவில்லை. மறுநாளே முதல் ஆளாக வந்தார். கோடை முழுக்கப் பின்பக்கக் குழாயடியில் குந்திச் சல்லடை கழுவினார். மேலே நிழல் என்று பேருக்கு ஒரு தகரம். சார் வருகிற நாளெல்லாம் எழுந்து முன்வாசலுக்கு வந்து, "குட் மார்னிங் சார்" என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். பதில் வரும்வரை நகர மாட்டார். அவர் போனைப் பார்ப்பது போல நடித்தாலும் விடமாட்டார், இன்னொரு தரம் சொல்வார்.

எனக்கே பொறுக்கவில்லை. "அக்கா, பாசிமணி வேல கூப்ட்டுகினே கீறாங்க. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றேன்.

"போவேன் உபைது. நானா போறதா இருந்தா இப்பவே போவேன். அழுக்கு புடிச்சவன்னு சொல்லி அனுப்பினா போவ மாட்டேன். நாளைக்கு நம்ம தெரு பொண்ணு ஒண்ணு இங்க வேல கேட்டு வந்தா, அன்னிக்கே ஒருத்தி வந்து கெடுத்துட்டு போனாளேன்னு சொல்லுவாங்க. அத்த என்னால தாங்க முடியாது." கண் கலங்கியது. சல்லடையை முன்னைவிடப் பலமாகத் தேய்த்தார்.

ராமசெல்வி பொறுக்கி முடித்த அன்று குழாயடிக்கு வந்து நின்றாள். வேறு வயது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவள் முகத்திலேயே தெரிந்தது. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கோசரம் எதுவும் பண்ணாத செல்வி. எது வருதோ அத்த சொல்லு. பதினோராயிரம்னு வந்தா அத்த மொதல்ல என் மூஞ்சிக்கு நேரா சொல்லு." அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு அக்கா மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

முடிவு வந்தபோது ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ராமசெல்வி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு தரம் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள். ஒன்பதாயிரத்துச் சொச்சம். முன்னே வந்ததற்கும் இதற்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. அண்டார்டிகாவில் ஐஸ் என்கிற அந்தப் பழைய ஆள், சார் நினைத்ததைவிட ரொம்பத் தாமதமாகத்தான் வீட்டைக் காலி செய்திருக்கிறார்.

பக்தவச்சலம் வந்து அதைப் பார்த்தார். பிறகு அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே ஏசி சரியில்லை என்று நான் ஏணிமேல் நின்றிருந்தேன், இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்கா உள்ளே வந்ததும் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஸாரி ஃப்ளோரன்ஸ். நீங்க பொறுக்கினது சுத்தமாத்தான் இருந்திருக்கு. நாளையிலேர்ந்து பழையபடி மைக்ராஸ்கோப்ல உட்காருங்க. நடந்ததை மறந்துடலாம்."

அக்கா திரும்பிப் போய்க் கதவை அகலத் திறந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அன்னிக்கு இங்க நின்னுகினுதானே சார் சொன்னீங்க? அத்தினி பேரும் கேட்டாங்களே. இதையும் அவங்க கேக்கட்டும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு நிமிஷம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்து, கூடத்துக்கு நடுவில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார்.

"ஓடுகள்ல எந்தக் கலப்பும் இல்ல. ஃப்ளோரன்ஸ் மேல நான் சொன்னது தப்பு."

"இன்னும் ஒண்ணு பாக்கி கீது சார்," என்றார் அக்கா. "ஏரியான்னு ஒண்ணு சொன்னீங்க."

எனக்கு ஏணியிலேயே கை தட்ட வேண்டும் போலிருந்தது. பக்தவச்சலம் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாத் தெரு முகமும் அங்கே இருந்தது.

"அதுவும் தப்பு," என்றார். "உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அக்கா தலையாட்டினார். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பொறுக்குகிற அறைக்குள் போனார். மைக்ராஸ்கோப் முன்னால் ராமசெல்வி உட்கார்ந்திருந்தாள்.

"எய்ந்திரு செல்வி," என்றார். "அது என் சேரு."