கரகத்துக்குத் தண்ணீர் தந்த வீடு

சம்சுன் நிஹாருக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவள் வீட்டுக் கிணறு. சாக்கடைத் தண்ணீருக்கும் முருங்கைக் கிளைக்கும் நாங்கள் போடாத சண்டை இல்லை. அவள் பிறந்தது கட்டுமாவடி. கடல் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. கீரமங்கலம் சந்தையில் அவள் கருவாடு கூவினால் ஆலங்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவனும் இறங்கி வந்துவிடுவான் என்று கேலி செய்வேன். ஆனால் எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அன்றைக்கே கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டால், "ஊரே வாயக் கட்டிக்கிட்டு இருக்கு, நான் மட்டும் கவுச்சியோட வரணுமாக்கும்" என்று என்மேலேயே பாய்வாள்.

திருவிழாவின் கடைசி நாளில் கரகத்துக்கு அவள் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். ஏதோ ஒரு பஞ்சத்தில் ஊரிலேயே வற்றாத கிணறு அது ஒன்றுதானாம். பூசாரி ஆத்மநாதன் வெறுங்கரகத்தோடு வாசலில் நின்று, "தண்ணி குடுக்குறீகளா?" என்பார். சம்சுன் நிஹாரின் கணவர் ஜெகபர் அலி, "ஊருக்குப் போக மிச்சந்தான் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு முதல் வாளியை இறைத்து ஊற்றுவார். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கொஞ்ச காலமாக இது சில பேருக்குக் குத்தியது. விழாக் கமிட்டிக்குப் புதிதாக வந்த வசந்தகுமார், "பஞ்சாயத்துக் குழாய் வந்தாச்சு, இன்னும் அந்த வீட்டுக் கிணறு எதுக்கு?" என்று வாட்ஸப்பில் போட்டான். கட்டுமாவடியிலிருந்து அவளுடைய அண்ணனும் போனில், "இதெல்லாம் நமக்கு ஆகாது, விட்டுரு" என்றார். இரண்டு பக்கத்துக்கும் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "எங்க வீட்டுக்காரவுக இருக்குற வரைக்கும் நடக்கும்."

இந்த வருஷம் கரகம் எடுக்கிற அன்று காலையில் ஜெகபர் அலி இறந்துபோனார்.

கிட்னி கெட்டு மாசக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். அவர்களுடைய மகள் ஆஃப்ரீன் "அத்தா" என்று ஒரு தடவை கத்தியதும், சட்டென்று அந்தச் சத்தம் அடங்கியதும் சுவர் வழியே கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மகளின் வாயைச் சம்சுன் நிஹார் கையால் பொத்தியிருந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கோயில் பக்கம் மேளம் கிளம்பிவிட்டிருந்தது.

எங்கள் ஊர்க் கட்டு இது. காப்புக் கட்டியபின் ஊருக்குள் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை கரகம் எழும்பாது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வருஷம் கரகமே இல்லை.

"அக்கா, கொஞ்ச நேரம் யாருக்கும் சொல்லாத. தண்ணிய எடுத்துக்கிட்டுப் போயிரட்டும்," என்றேன். இப்பவும் சொல்கிறேன், அந்த நேரத்துக்கு அதுதான் புத்தி.

"மய்யித்த உள்ள வச்சுக்கிட்டு ஒங்க சாமிக்குத் தண்ணி குடுக்கச் சொல்றியா?"

"சொன்னா நிறுத்திருவாங்க. ஒங்க வீட்டாலதான் நின்னுச்சும்பாங்க. அடுத்த வருஷம் இந்த வாசலுக்கே வர மாட்டாங்க."

"தெரியும்டி. வராட்டி போகட்டும். அவுக பேரச் சொல்லி ஏமாத்துனதா ஆகக் கூடாது."

மேளம் தெருவுக்குள் திரும்பியது. கணவன் இறந்த வீட்டுப் பெண் வாசலுக்குப் போகக் கூடாது என்று ஆஃப்ரீன் தடுத்துப் பார்த்தாள். சம்சுன் நிஹார் வெள்ளைத் துணியைத் தலைவரை போர்த்திக்கொண்டு, பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

வழக்கம்போல மேளம் நின்றது. மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக ஆத்மநாதன் கேட்டார். "தண்ணி குடுக்குறீகளா?"

"இன்னைக்கு இந்தத் தண்ணி ஆகாதுண்ணே. அவுக மவுத்தாயிட்டாக."

சந்தையையே இரண்டாக்கும் அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் தெரு முழுக்க அமைதியாகிவிட்டது. ஆத்மநாதன் கரகத்தை நெஞ்சோடு பிடித்தபடி அப்படியே நின்றார்.

வசந்தகுமார்தான் முன்னால் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா அவங்க சாவு நமக்குத் தீட்டு இல்ல. குழாயில புடிச்சுக்கிட்டு நேரத்தோட போயிருவோம். யாருக்கும் சங்கடமில்ல."

பால்குடம் சுமந்து வெயிலில் நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். எனக்கும் ஒரு நொடி அப்பாடா என்றிருந்தது. திருவிழாவும் நிற்காது, பழியும் வராது. திரும்பிச் சம்சுன் நிஹாரைப் பார்த்தேன். கணவன் இறந்தபோதுகூட அவள் முகம் அப்படிச் செத்திருக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மேளம் இப்போது அந்த வாசலைத் தாண்டிப் போனால், ஜெகபர் அலி இறந்தது ஊரில் ஒரு சாவே இல்லை என்று ஆகிவிடும்.

"வசந்து, ஒங்க பெரியப்பா திருவிழாவுல தவறுனப்ப என்ன செஞ்சோம்?" என்று ஆத்மநாதன் கேட்டார்.

"நிறுத்துனோம். அவரு நம்ம ஊர்க்காரரு."

"இவன் எந்த ஊர்க்காரன்?"

வசந்தகுமார் கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.

"பொழுது போயிருச்சுன்னா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"போனா இந்த வருஷம் கரகம் இல்ல. ஊருக்குத் தீட்டு. மேளத்த எறக்குங்க," என்றார் ஆத்மநாதன்.

அப்போதுதான் சம்சுன் நிஹார் அழுதாள். கதவைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். தீட்டு என்ற சொல்லைக் கேட்டு ஒருத்தி நெஞ்சுப் பாரம் இறங்கி அழுததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் கண் வானத்தின் மேலேதான். காப்புக் கட்டாத ஆட்கள் குழி வெட்டப் போனார்கள். கட்டுமாவடியிலிருந்து அவள் அண்ணன் வரத் தாமதமாகி, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகுதான் ஜனாஸாவைத் தோளில் எடுத்தார்கள். காப்போடு கிட்டே போகக் கூடாது என்பதால் ஆத்மநாதன் தெருமுனையில் நின்றே கும்பிட்டார். துண்டை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். ஜனாஸா கண்ணுக்கு மறைந்ததும் வசந்தகுமார் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து கிணற்றில் இறக்கி, இருந்த தண்ணீரை இறைத்துவிட்டான். மனசு மாறினானா, பொழுதுக்குப் பயந்தானா, எனக்குத் தெரியாது. "எறச்ச கெணத்துல ஊறுறது புதுத் தண்ணி" என்று ஆத்மநாதன் மட்டும் சொன்னார்.

தென்னைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தபோது, குளித்த ஈரத்தோடு அவர் மறுபடி அந்த வாசலில் நின்றார்.

"தண்ணி குடுக்குறீகளா?"

பதில் சொல்ல ஆம்பளை இல்லாத வீடு. அவள் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன்.

உள்ளறையில், திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள். சந்தையில் கூவுகிற அதே குரலில், தெருக்கோடி வரை கேட்கச் சொன்னாள்.

"ஊருக்குப் போக மிச்சந்தான் எங்களுக்கு."

ஆஃப்ரீன் வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.