முதலில் அடி, பிறகு உட்கார்

சாணார்பட்டிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் புளி மண்டியில் மூட்டை தூக்கும் கருப்பையா சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். "டீச்சர், அக்கா போயிட்டாக" என்றார். கையிலிருந்த பிரம்பை மேசையில் ஓங்கி அடித்தேன். அது இரண்டாக ஒடிந்தது. பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். அக்கா இருந்திருந்தால், "நல்லா அடிச்சீக, இப்ப உக்காருங்க" என்றிருப்பார்.

பேச்சியம்மாள் அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மண்டியை நடத்தியவர் அவர்தான். வாயைத் திறந்தால் வசவு. எடையில் ஏமாற்றிய வியாபாரியைப் படிக்கல்லை ஓங்கிக்கொண்டு தெரு முனை வரை துரத்தியவர். மார்பில் புற்றுநோய் வந்து, மதுரையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதன்பின் யாரோ சொன்னார்களென்று ஒரு தியான முகாமுக்குப் போனார். மேடையில் இருந்தவர், கோபக்காரப் பெண்களுக்குத்தான் இந்த நோய் வருமென்று பேசிவிட்டார். அக்கா தண்ணீர்ச் செம்பை அவர் மேல் விட்டெறிந்தார். அங்கே சொல்லித்தந்த மூச்சுப் பயிற்சியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். "அந்தாளு புத்தி கோணலு. அதுக்கு மூச்சு என்ன செய்யும்?" என்பார்.

எனக்கும் அதே நோயில் இடது மார்பை எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்த என்னை அக்காதான் தியானத்துக்கென்று மண்டிக்கு வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை போனேன். பின்கட்டுக் கொட்டகையில் எங்களைப் போலவே ஆபரேஷன் ஆன பெண்கள் சிலர் இருந்தார்கள். தியானம் என்றாரே என்று சம்மணமிட்டுக் கண்ணை மூடினேன். அக்கா தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இப்பவே கண்ண மூடுனா உள்ள கெடக்குற பேயிதான் தெரியும். மொதல்ல அடிங்க. ஆபரேசன் ஆன பக்கத்துக் கை வேணாம், மத்தக் கையில."

சாக்கில் புளியம்பழம் பரப்பியிருந்தது. கட்டையால் அடித்து ஓட்டை உடைக்க வேண்டும். ஒருத்தி மாமியார் பேரைச் சொல்லி அடித்தாள். ஒருத்தி சாமியை அடித்தாள். நான் என் கணவரை அடித்தேன். ஓடு தெறித்து முகத்தில் குத்தியது. கை ஓய்ந்ததும் உட்கார்ந்து மூச்சைப் பார்த்தோம். அன்றைக்குத்தான் முதன்முதலாக என் நெஞ்சு எனக்குப் பயமில்லாமல் ஏறி இறங்கியது.

பிறகு புளி ஆய்ந்த விரலோடு சுவரருகே நிற்போம். அறுத்த பக்கத்துக் கை மேலே எழும்பாது. அதைச் சுவரில் வைத்து, மூச்சை இழுக்கும்போது விரல்களை மேலே நகர்த்த வேண்டும்; விடும்போது நிறுத்த வேண்டும். வெள்ளைச் சுவரில் புளிக்கறை ஏறிக்கொண்டே போகும். என் கறை தோளைத் தாண்டவே பல மாதங்களாயிற்று.

இதில் கட்டி கரையுமா என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். "கரையும்னு எவனாச்சும் சொன்னா செருப்பால அடி! ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காப் போ. இது, போயிட்டு வந்து வாழுறதுக்கு" என்று சீறினார் அக்கா.

ஒருநாள் என் கணவர் கொட்டகைக்குள் புகுந்தார். "மாரறுத்தவளுக்கு என்னடி தியானம்?" என்று என் முடியைப் பிடித்து இழுத்தார். அக்கா எழுந்து, புளிக்கட்டையால் அவர் முழங்காலில் ஒரே போடு போட்டார். அவர் சுருண்டு விழுந்தார். அக்கா பக்கத்தில் குத்தவைத்து, "ஏலே, மூச்சு வாங்குதா? வாங்கட்டும். உள்ள போறதப் பாரு. வெளிய வர்றதப் பாரு" என்றார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பின் அந்த மனிதர் என் மேல் கை வைக்கவில்லை.

நோய் அக்காவின் எலும்புக்கு ஏறியது. வலியில் தலையணையைக் கடித்துக் கிழித்தார். வலி சற்று விட்டபோது என்னைக் கூப்பிட்டு, "மூச்சப் பாத்தும் செத்துட்டாளேன்னு ஊரு பேசும். அந்தப் பேச்சக் கேட்டு ஒருத்தியும் வெள்ளிக்கெழம வராம நிக்கக் கூடாது டீச்சர்" என்றார்.

கருமாதிக்கு முந்தின நாள், அது வெள்ளிக்கிழமை. நாங்கள் போனபோது அக்காவின் தம்பி சுண்ணாம்பு வாளியோடு அந்தச் சுவர்முன் நின்றிருந்தார்.

"அம்புட்டுக் கூத்தடிச்சும் அக்கா போயிருச்சே. அழிச்சுப்புடுவோம்" என்றார்.

வாளியை எட்டி உதைத்தேன். சுண்ணாம்பு அவர் வேட்டியெல்லாம் தெறித்தது. "சுவத்துல கைய வச்சீக, ஒடிச்சுப்புடுவேன்!" என்று கத்தினேன். என் பின்னால் பெண்கள் கட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியேறினார். அன்று கொட்டகை அதிர அடித்தோம். பிறகு உட்கார்ந்தோம்.

கடைசியில் இடது கையைச் சுவரில் வைத்தேன். எல்லாருடைய கறைக்கும் மேலே அக்காவின் விரல்தடங்கள் இருந்தன. மூச்சை இழுத்து நகர்த்தினேன். வலித்தது. மறுபடியும் இழுத்தேன்.

இன்னும் ஒரு சாண் இருக்கிறது, அக்கா. அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவேன். நீங்கள் போய்வாருங்கள்.