வேடியப்பன் ஏறிய வண்டி

இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். ஏரியூரில் பிக்கப் வண்டி ஓட்டும் சுகுணாவிடம் போய், அஞ்செட்டி வழியாகக் கர்நாடகாவுக்கு ஒரு லோடு அடிக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். எழுந்து உள்ளே போய்விடுவாள். போன ஐப்பசியில், பட்டப்பகலில் நடந்தது இது.

சுகுணா பயந்த சுபாவக்காரி இல்லை. புருஷன் இறந்த பிறகு அவன் வண்டியை விற்காமல் தானே ஓட்டப் பழகியவள். தக்காளி, புளி, மாட்டுத்தீவனம், எதுவானாலும் ஏற்றுவாள். எந்த மலைப்பாதை என்றாலும் தயங்கமாட்டாள். அன்று அவளைக் கூப்பிட்டவன் பிரபாகர். ஊர் ஊராகப் போய்ப் பழைய தூண், கதவு, கல் என்று வாங்கி, பெங்களூர்ப் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்குக் கைமாற்றிவிடும் தரகன்.

"ஒரே ஒரு கல்லும்மா. தோட்டத்துல அழகுக்கு நட்டு வெப்பாங்க. மேல தக்காளி கிரேடுப் பொட்டி அடுக்கிக்கலாம்" என்றான்.

கல்லுக்கு மேல் எதற்குத் தக்காளி என்று அவள் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஏரியூருக்கு வெளியே ஒரு சோளக்காட்டில் கல் தயாராகக் கிடந்தது. பெயர்த்தெடுத்து, சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். இடுப்பு உயரம்தான் இருக்கும். ஆட்கள் தூக்கும்போது சாக்கு நழுவியது. கையில் வில்லோடு ஒருவன் நிற்பதுபோல் செதுக்கியிருந்தது. அவன் காலடியில் மாடுகள். நெற்றியில் வைத்த குங்குமம் இன்னும் உதிரவில்லை.

சுகுணா இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். அதற்குள் பக்கத்துக் காட்டிலிருந்து தங்கம்மாள் ஓடிவந்தாள். அந்தக் கல்லுக்கு வாராவாரம் விளக்குப் போடுகிறவள்.

"அடப்பாவிங்களா, அது கல்லு இல்லடா! வேடியப்பன்டா! மாட்ட மீட்கப் போயி உசுர வுட்ட சாமிடா!"

பிரபாகர் அவளைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தவள் அழவில்லை. ஒரு கை சேற்றை அள்ளி வண்டிக் கண்ணாடியில் அடித்தாள். பிறகு சுகுணாவை நேராகப் பார்த்தாள்.

"நீயும் பொம்பளதானடி? போ. எப்பிடித் திரும்பி வர்றேன்னு பாக்கறன்."

"அண்ணா... வேண்டாம்ங்க. எறக்கிருங்க" என்றாள் சுகுணா.

"நிலத்துக்காரரே குடுத்துட்டாரும்மா. இவ யாரு கேக்கறதுக்கு? நீ வண்டிய எடு."

எடுத்தாள்.

பென்னாகரம் வரை ஒன்றுமில்லை. அங்கே பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்க நிறுத்தினாள். கடைக்காரர் பின் டயர்களைப் பார்த்துவிட்டு, "தக்காளிதானுங்க ஏத்தியிருக்கீங்க? இரும்பு ஏத்துன மாதிரி அமுங்கிக் கெடக்குது" என்றார். பிரபாகர் சிரித்து மழுப்பினான். சுகுணாவுக்கும் தெரிந்திருந்தது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை. ஏரியூரில் இருந்த கனம் இல்லை இது. வரவரக் கூடிக்கொண்டே இருந்தது.

ஒகேனக்கல் சாலையிலிருந்து அஞ்செட்டிக்குப் பிரியும் காட்டுப்பாதையில் வண்டி திரும்பியது. நல்ல வெயில். இரண்டு பக்கமும் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வண்டி நெருங்கியதும் தலையைத் தூக்கின. ஒன்றிரண்டு அல்ல. எல்லாம். ஒரே நேரத்தில். வண்டி போகப் போக அந்தத் தலைகளும் கூடவே திரும்பின.

சுகுணா கண்ணாடியில் பார்த்தாள். மாடுகள் சாலைக்கு ஏறி, வண்டியின் பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தன.

"அண்ணா, பின்னாடி பாருங்க."

"மாடு ரோட்டுல நடக்காம எங்க நடக்கும்? மிதிம்மா."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டங்... டங்...

மாட்டின் கழுத்து மணி. வெளியிலிருந்து வரவில்லை. கிரேடுகளுக்கு அடியிலிருந்து வந்தது. குலுக்கலில் ஏதோ ஆடுகிறது என்று நினைத்து வண்டியை நிறுத்தினாள். எஞ்சினையும் அணைத்தாள்.

டங்... டங்... டங்...

நின்ற வண்டியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிரபாகர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் குறையவில்லை. "பார்ட்டி காத்துக்கிட்டிருக்காரு. எல்லையத் தாண்டிட்டா முடிஞ்சது" என்றான்.

தளியைத் தாண்டி எல்லைச் சாவடி வந்தது. கர்நாடகக் காவலர் கம்பை நீட்டி நிறுத்தினார்.

"ஏனு லோடு?"

"டொமேட்டோ சார்" என்றான் பிரபாகர்.

அவர் பின்பக்கம் போனார். தார்ப்பாயைத் தூக்கக் கை நீட்டினார். தூக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டார். சாவடி நாய் ஊளையிட்டபடி அறைக்குள் ஓடியது. அவர் தடுப்பை உயர்த்தினார். "ஹோகி... ஹோகி..." என்று கையை மட்டும் வீசினார். சீக்கிரம் போய்த் தொலை என்பதுபோல.

எல்லையைத் தாண்டிய முதல் வளைவில், சாலையை அடைத்துக்கொண்டு மாடுகள் நின்றன.

மேய்ப்பவன் யாரும் இல்லை. ஒரு மாடு கூட வாலை ஆட்டவில்லை. ஈ விரட்டவில்லை.

ஹாரன் அடித்தாள். அசையவில்லை.

பிரபாகர் ஒரு தடியோடு இறங்கினான். "ஏய்! ஹோய்! போ!"

மாடுகள் விலகின. அவன் நுழையும் அளவுக்கு மட்டும்.

அவன் உள்ளே போனதும் மூடிக்கொண்டன.

கத்தல் இல்லை. குளம்புச் சத்தம் இல்லை. மணிச்சத்தம் மட்டும். இப்போது ஒரு மணி அல்ல. நூறு மணி.

பிறகு அதுவும் நின்றது.

மாடுகள் சாலையோர உண்ணிச்செடிப் புதருக்குள் இறங்கிப் போயின. சாலையில் பிரபாகர் நின்றிருந்தான். அவளுக்கு முதுகைக் காட்டியபடி.

"அண்ணா...?"

மெல்ல நடந்து வந்தான். ஏறி உட்கார்ந்தான். காலில் செருப்பு இல்லை. அவள் பக்கம் திரும்பவில்லை.

"வண்டியத் திருப்பு."

காலையிலிருந்து அவளை 'அம்மா' போட்டுப் பேசியவன். இந்தக் குரலில் அது இல்லை.

"அடி கிடி பட்டுச்சாங்க அண்ணா?"

"எனக்கில்ல."

திருப்பினாள். சாவடியில் யாரும் நிறுத்தவில்லை. காவலர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

வண்டி இப்போது காற்றுப்போல ஓடியது. கல் அப்படியேதான் இருந்தது. கனம்தான் இல்லை.

காட்டுப்பாதையில் அவன் வழி சொல்லிக்கொண்டே வந்தான்.

"கெணறு வருது. ஒதுங்கிப் போ."

அங்கே கிணறு இல்லை. தார்ச்சாலைதான் இருந்தது. ஒதுங்கினாள்.

"தண்ணி ஓடுது. மாடு எறங்கட்டும். நில்லு."

தண்ணீர் இல்லை. நின்றாள்.

கேபினுக்குள் பச்சைச் சாணி வாடை. அதோடு இன்னொரு வாடை... ரத்தம்.

அவள் பக்கத்தில் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் சோளக்காடு வந்தது. தங்கம்மாள் ஊர் ஆட்களோடு நின்றிருந்தாள். வருவாள் என்று தெரிந்ததுபோல. கிரேடுகளை இறக்கினார்கள். காலையில் அத்தனை பேர் முக்கித் தூக்கிய கல்லை இப்போது இரண்டு பேர் தூக்கிப் போனார்கள்.

தங்கம்மாள் வந்து மறுபக்கக் கதவைத் திறந்தாள். திறந்தவள் பின்வாங்கினாள்.

"ஏண்டி... கால் கட்டுன பொணத்த எதுக்குடி உக்கார வெச்சு ஓட்டியாந்திருக்கற?"

சுகுணா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

பிரபாகரின் கண்கள் திறந்தபடி இருந்தன. உடம்பு கட்டைபோல விறைத்திருந்தது. இரண்டு கால் கட்டைவிரல்களும் கற்றாழை நாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர், மதியமே உயிர் போய்விட்டது என்றார். நெஞ்செலும்பு முழுக்க நொறுங்கியிருந்தது. குரல்வளை நசுங்கியிருந்தது. அதற்குப் பிறகு இவன் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க முடியாது என்றார். மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. வண்டியிலும் இடித்த தடம் இல்லை. நார் கட்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் சுகுணாவை மாற்றி மாற்றி விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டது.

பிரபாகரின் செல்போன் மறுநாள் எல்லைக்கு அப்பால், அந்த வளைவில் கிடைத்தது. குளம்புபட்டு மாவாகிக் கிடந்தது.

கல்லை வாங்க இருந்த பண்ணை வீட்டுக்காரரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சுகுணாவும் அங்கே உட்கார்ந்திருந்தாள். பெரிய மனிதர்.

"இன்னும் வரலியேன்னு நாலு மணிக்கு அவர் நம்பருக்குப் போட்டேன் சார். எடுத்தாங்க. பிரபாகர் குரல் இல்ல. பின்னால ஒரே மணிச்சத்தம். டிரைவரு போலன்னு நெனச்சேன்."

"என்ன பேசுனான்?"

"வேற ஒண்ணும் பேசல. 'உன் வூடு எங்க இருக்குது'ன்னு மட்டும் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"எல்லை தாண்டி முதல் லெஃப்ட்டு, ஏரிக்கரை மேலேயே வந்தா கடைசி கேட்டுன்னு... முழுசா வழி சொல்லிட்டேன் சார்."