தேதியை அவளே சொல்லட்டும்

பெரியவனுக்கும் சின்னவளுக்கும் உங்கள் அப்பா எழுதுவது. உங்கள் அம்மா போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களும் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டத் தெரிந்த அளவுக்கு எனக்கு எழுதத் தெரியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருமாதி முடிந்து எல்லாரும் புறப்பட்ட பிறகு, சின்னவளே, நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "ஏம்ப்பா, அம்மாவுக்கு என் கல்யாணத்தப் பாக்கணும்னு ஆசையே இல்லையா?" என்றாய். உறவில் சிலரும், "பெத்த மக கல்யாணத்தப் பாக்காம அப்படி என்ன பிடிவாதம்" என்று பேசியது என் காதில் விழுந்தது. அன்று சொல்ல முடியாத பதிலை இன்று எழுதுகிறேன்.

உங்கள் அம்மா பிறந்தது கொத்தமங்கலத்தில், விவசாயக் குடும்பத்தில். பள்ளத்தூருக்குப் போய் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். அந்த வீட்டில் அவ்வளவு படித்த பெண் அவர்தான். பரிட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோது உங்கள் அம்மாச்சி மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார்கள். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கண்ணை மூடுவதற்குள் மகள் கழுத்தில் தாலியைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வருடம் திரும்பும் வரை நல்ல காரியம் செய்ய முடியாது என்று அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடினார்கள். அகப்பட்டவன் நான்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி உங்கள் அம்மா சொல்லிச் சிரித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "ரவிக்கை தைக்கக்கூட நேரமில்ல. பெரியம்மா மகளோடத வாங்கி ஊக்கு ஊக்காக் குத்திவிட்டாக. எங்காத்தாளக் கயித்துக் கட்டிலோட தூக்கியாந்து மணவறைக்கு எதுக்க வச்சாக. வந்த சனம் பூராவும் கட்டிலத்தான் பாத்துச்சு. ஒரு ஆளு பொண்ணப் பாக்கல. தாலிய எனக்குக் கட்டுனாகளா, வேற யாருக்கும் கட்டுனாகளான்னுகூட யாரும் பாத்திருக்க மாட்டாக" என்பார்.

அம்மாச்சி பிழைத்துக்கொண்டார்கள். மறுவீட்டு விருந்துக்கு நாங்கள் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கஞ்சியக் குடுப்பீக? பத்தியத்த எப்ப முறிப்பீக?" என்று கேட்டார்கள். பிறகு உங்கள் இருவரையும் இடுப்பில் தூக்கி வளர்த்துவிட்டுத்தான் போனார்கள்.

நம் வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. காரைக்குடியில் நான் கடை வைத்த புதிதில் மழை பெய்தால் எனக்கு வேலை இருக்காது. கிணற்று மோட்டார் ஓடினால்தானே காயில் எரியும்? மழை வந்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படும், நம் வீட்டில் மட்டும் உலை வைக்க யோசிப்போம். அப்போதும் உங்கள் அம்மா, "பெய்யட்டும்ங்க, நல்லாப் பெய்யட்டும். வெயில் எங்க போயிறப் போகுது" என்பார். மாடு வைத்துப் பால் ஊற்றினார். ஊறுகாய் போட்டுக் கொடுத்தார். ஒரு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது கிடையாது.

அவருக்குப் பிடித்தவை கொஞ்சம்தான். புளிப்பு எதுவானாலும் பிடிக்கும். காபி நாக்கைச் சுட வேண்டும். கத்தரிப்பூ நிறத்தில் சேலை. என் தங்கை, உங்கள் அத்தைகூட, "கடையில வேற கலரே இல்லையா மதினி? தூரத்துல இருந்து பாத்தா கத்தரிக்காத் தோட்டம் நடந்து வர்ற மாதிரி இருக்கு" என்று கேலி செய்வாள். எல்லாவற்றையும் விடப் பிடித்தது உங்கள் பாடப் புத்தகங்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு பழைய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தாலும் கணக்கு முடியாமல் எழுந்திருக்க மாட்டார். பிடிக்காதது பாகற்காயும் போட்டோவும். அதனால்தான் இந்த மலரின் அட்டையில் இருப்பது பெரியவன் காதுகுத்தில் பத்துப் பேரோடு நின்ற படத்திலிருந்து வெட்டி எடுத்தது. தோளில் தெரிவது உங்கள் அத்தையின் கை.

போன வருடத்துக்கு முந்திய தீபாவளிக்குப் பிறகு வயிற்று வலி என்று சொல்ல ஆரம்பித்தார். மதுரையில் காட்டினோம். கட்டி என்றார்கள். தாமதமாகிவிட்டது என்றும் சொன்னார்கள். சின்னவளே, அப்போது நீ ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருடம், விடுதியில் இருந்தாய். வயிற்றுப் புண் என்று மட்டும் உன்னிடம் சொல்ல வைத்தார்.

உங்கள் அத்தை அழுதுகொண்டே வந்தாள். அவளுடைய மகனுக்கு உன்னைச் சிறு வயதிலிருந்தே பேசி வைத்திருந்தோம். "மதினி, தை பொறந்ததும் முடிச்சிருவோம். நீங்க கண்ணு குளிரப் பாத்துருங்க. அவ கட்டிக்கிட்டுப் படிக்கட்டும், யாரு வேணாமுங்கப் போறா?" என்றாள்.

உங்கள் அம்மா படுத்தபடியே சொன்னார். "எனக்கும் அப்படித்தான்த்தா சொன்னாக. தாலி கட்டுன மறுவாரம் ஹால் டிக்கெட்டு வந்துச்சு. புதுப்பொண்ணு பரிட்சைக்குப் போனா ஊரு சிரிக்கும்னு மாடக்குழியில வச்சாக. அங்கனயே இருந்து கரையான் அரிச்சுப் போச்சு."

"எம் மவன் அப்படி விடுவானா மதினி?"

"ஒம் மவன் தங்கம். நான் அவனச் சொல்லல. சாகப்போறவளுக்காக எம் மக மணவறையில உக்கார வேணாம். பரிட்சை எழுதட்டும், வேலைக்குப் போகட்டும். தேதிய அவளே சொல்லட்டும். அவன்தான்னு சொன்னா அவன். இல்லைன்னாலும் அவதான் சொல்லணும்."

அத்தை கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் சமையலறைக்குள் போய்க் கஞ்சி வைத்தாள். அன்று தொடங்கிக் கடைசி வரை அவள்தான் உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவிவிட்டது.

ஆனால் நான் விடவில்லை. கடை வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து, உங்கள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தேன். தினமும் மத்தியானம் கல்யாணப் பேச்சையே எடுப்பேன். ஒரு நாள் என்னை அறியாமல், "கல்யாணத்த வச்சா நீ எந்திரிச்சிருவ" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "அதுக்குத்தானா இத்தன நாளா அரிச்சு எடுக்குறீக?"

ஆமாம், அதற்குத்தான். பிள்ளைகளே, எல்லாரும் அவர் பார்ப்பதற்காகக் கல்யாணம் கேட்டார்கள். நான் அவர் பிழைப்பதற்காகக் கேட்டேன். அவசரக் கல்யாணம் நடந்த வீட்டில் சாகக் கிடந்தவர் எழுந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். இன்னொரு முறை நடக்காதா என்று இருந்தது.

"எங்காத்தா எந்திரிச்சது கல்யாணத்தாலயா? கீழாநெல்லி மருந்து கேட்டுச்சு, எந்திரிச்சா. எனக்கு வந்துருக்கது அது இல்லீக. எரிஞ்ச மோட்டாருக்கெல்லாம் புதுக் காயிலு கட்டுவீக, இத ஒங்களால கட்ட முடியாது. அழுகாதீக, கம்பி பூராவும் நனையுது பாருங்க" என்றார்.

அப்போதுதான், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "என்னையக் கட்டுனதுல ஒனக்கு வருத்தமா?"

உங்கள் அம்மா சொன்னார். "ஒங்கள எனக்குப் புடிக்கும். கட்டுன பொறகு புடிச்சுச்சு. அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, பரிட்சைய எழுதிப்புட்டு ஒங்களத்தான் கட்டியிருப்பேன். யாரும் கேக்கலையே. எம் மகளையாச்சும் கேளுங்க."

அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சின்னவளே, ஆசை இல்லையா என்று கேட்டாயே. பொங்கல் லீவுக்கு நீ வந்தாய். உங்கள் அம்மா அன்று அத்தையைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி எழுந்து உட்கார்ந்தார். உனக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னி, பூ வைத்து, தன்னுடைய கத்தரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வைத்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ வெட்கப்பட்டு, "என்னம்மா புதுசாப் பாக்குற?" என்றாய். "கூன் போடாம நேரா உக்காருடி" என்று மட்டும் சொன்னார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே ஓடினாளே, உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் அம்மா உன் கல்யாணத்தை அன்றைக்குப் பார்த்து முடித்தார்.

பங்குனியில், நீ பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, நிலைமை மோசமானது. உங்கள் இருவருக்கும் சொல்லி அனுப்பினேன். நீங்கள் வந்தபோது பேச்சு இல்லை. ஆனால் கண் தெரிந்தது. பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் பார்த்தபடியேதான் போனார். பன்னிரண்டாம் நாள் கழிந்ததும் நீ போய்ப் பரிட்சை எழுதினாய். அழுத கண்ணோடு எழுதித் தேறினாய்.

வீட்டுக்கே வந்து ஊசி போட்டு, ஒரு நாளும் காசு வாங்காத நர்ஸ் அம்மாவுக்கும், மதுரைக்குக் கார் ஓட்டி வந்த தம்பிக்கும், எங்கள் வீட்டு மாட்டையும் சேர்த்துக் கறந்த பக்கத்து வீட்டாருக்கும் நான் பட்ட கடன் தீராது. என் தங்கைக்கு நன்றி என்று எழுதினால் அடிக்க வருவாள். ஆனாலும் எழுதிவிட்டேன்.

போன வாரம் அவள் வந்தாள். "அண்ணே, ஆவணியில..." என்று ஆரம்பித்து, அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "நான் கேக்கலண்ணே. அவளே சொல்லட்டும்" என்றாள்.

ஆகவே, மகளே, நீ சொல்லு. எப்போது என்றும், யார் என்றும் நீயே சொல்லு. அவசரமே இல்லை. நீ சொல்லும் நாளில் பந்தல் போடுவேன். மணவறைக்கு எதிரே கட்டில் கிடக்காது. வந்த சனம் எல்லாம் உன்னைத்தான் பார்க்கும். அதற்காகத்தான் உன் கல்யாணத்தைப் பார்க்காமலே போகச் சம்மதித்தார் உங்கள் அம்மா.