மூன்று நாள் மகள்

நான் விவாகரத்தாகி மயிலாப்பூரில் அப்பா அம்மாவோடு வந்து தங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தபோது அப்பா இறந்தார். தொண்ணூறுகளில், தண்ணீர்ப் பஞ்சமான ஒரு கோடை. படுக்கையில் விழுந்தவரைப் புரட்டி, துடைத்து, கஞ்சி ஊட்டி, அதற்குப் பிறகு தி.நகர் அலுவலகத்துக்கு பஸ் பிடித்து ஓடியதெல்லாம் நான். அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் கே.கே. நகரிலிருந்து ஆப்பிள் வாங்கி வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவான். கெட்டவன் இல்லை, பிள்ளை, அவ்வளவுதான்.

தகனம் முடிந்த அன்று சாஸ்திரிகள் தீட்டுக் கணக்கைச் சொன்னார். அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் அவன் மனைவி மன்னிக்கும் பத்து நாள். மன்னி அப்பாவுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்புறம் சாஸ்திரிகள் என் பக்கம் திரும்பினார்.

“கன்யாதானம் பண்ணிக் கொடுத்தாச்சு, கோத்திரம் மாறிடுத்து. உனக்கு மூணு நாள்தாம்மா. நாலாம் நாள் கார்த்தால ஸ்நானம் பண்ணிட்டு ஆபீஸ் போகலாம்.”

விவாகரத்து ஆகிவிட்டதே என்றேன். அதெல்லாம் கோர்ட்டோடு சரி, சாஸ்திரத்தில் அப்படி ஒன்று கிடையாது என்றார். தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு அந்த மனிதருடைய கோத்திரம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை போய் வெகுகாலம். லீவு மிச்சம் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். எரிச்சல்தான் வந்தது, கூடவே அழுகையும். மடி, தீட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு. மூன்றுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும். நான் அப்பாவுடைய மகள் என்று சொல்லிக்கொள்ள, வேண்டாம் என்று நானே ஒதுக்கிய அந்தத் தீட்டைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நாலாம் நாள், சண்டை போடத் தெம்பில்லாமல் குளித்தேன். லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம்மில் அடி தெரிந்தது. ஆபீசுக்குப் புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், அம்மா சுவரோரம் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கிட்டே போனேன்.

“மேல பட்டுடாதேடி. மறுபடியும் குளிக்கணும், தண்ணி இல்லே.”

அவள் சொன்னது என் நல்லதுக்குத்தான். அதுதான் தாங்கவில்லை. கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்து தோளில் சாய்ந்தேன். அம்மா விலகவில்லை.

“இப்படித் தொட்டுண்டே இருந்தா நீயும் பத்து நாள் ஆத்துலயே இருக்கும்படி ஆயிடும்.”

“இருக்கேம்மா.”

அம்மா உள்ளே இருந்த அண்ணாவைக் கூப்பிட்டாள்.

“இவ ஆபீசுக்கு போன் பண்ணுடா. தோப்பனார் போயிட்டார், பத்து நாள் முடிஞ்சுதான் வருவாள்னு சொல்லு.”